இரண்டு அங்குலம்

மஞ்சக்குப்பத்தில் என் கடைக்கு
இரண்டு படி.
கீழே வெயிலில் சக்கர நாற்காலியை நிறுத்தி
"நோட்டீஸ் அடிக்கணும்" என்றாள் தில்லைக்கரசி.
காகிதமும் பேனாவுமாக
நான்தான் இறங்கிப் போனேன்.

உதவி கேட்கும் நோட்டீசுக்கு என்னிடம்
தயாராக ஒரு மாதிரி உண்டு.
சிறுநீரகம், இதயத்தில் ஓட்டை, தீக்காயம்,
எதற்கும் பெயரை மாற்றினால் போதும்.
'விதி விளையாடிவிட்டது' என்று தொடங்கும்,
'கருணை உள்ளம் கொண்டோரே' என்று நடுவில் கும்பிடும்.

வாசித்தாள்.
"விதி இல்ல. சிப்காட் கம்பெனி வேன்.
டிரைவர் தூங்கிட்டான்."
ஒரு கோடு.
"கருணையும் வேணாம். அளவு போடுங்க."

என்ன அளவு?

"கக்கூஸ் கதவு இருபத்து நாலு அங்குலம்.
என் நாற்காலி இருபத்தாறு.
இந்த ரெண்டு அங்குலத்துக்காக
மூணு வருஷமா
சாயங்காலத்துக்கு மேல தண்ணி குடிக்கிறதில்ல."

அப்புறம் அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.
சுவர் இடிக்க, கதவு மாற்ற, வாசலில் சரிவு போட,
படுக்கைப் புண் வராமலிருக்கக் காற்று மெத்தை.
மாதாமாதம் டியூபும் பையும்:
'இது நிற்காத செலவு' என்பதை
தடித்த எழுத்தில் கேட்டாள்.
அறுபத்தெட்டாயிரத்து நானூறு.
"எழுபதுன்னே போட்டுடலாமே."
"எதுக்கு?"

போட்டோவுக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
பல் தெரியச் சிரித்தாள்.
இதைப் பார்த்தால் எவனும் காசு தரமாட்டான் என்றேன்,
தொழில் தெரிந்தவன்.

பாதி சரிதான்.
பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் கேட்டாராம்,
'நல்லாத்தானே இருக்கே?'
முதுநகர் துறைமுகத்தில் ஏலம் விடும் மஞ்சினியோ
நோட்டீசைக் கடைசி வரி வரை படித்து
டேப் கொண்டுவரச் சொல்லி
நாற்காலியை அளந்தே பார்த்துவிட்டார்.
இருபத்தாறு.
அன்றைய கடைசிக் கூடை சங்கராவை
"கதவுக்கு!" என்று கூவினார்.
எடுத்தவர் காசைக் கொடுத்துவிட்டு
மீனைத் திருப்பி வைக்க,
அதே கூடைக்கு இன்னொரு ஏலம்.
நோட்டுகளில் செதில் ஒட்டியிருந்தது.
ஒவ்வொன்றாகத் துடைத்து எழுதிக்கொண்டாள்.

புதுப்பாளையத்தில் ஒரு மண்டப முதலாளி
இருபதாயிரம் தருவதாகச் சொன்னார், மேடையில்.
கட்டில் அகலத்துக்கு ஒரு காசோலை அட்டை;
அதையும் நான்தான் அடித்தேன்.
மேடைக்கு ஐந்து படி.
தூக்க நாலு பேர் வந்தார்கள்.
கைதட்டக் கூட்டம் தயாராயிருந்தது.
"நீங்க இறங்கி வாங்க" என்றாள்.
அதை மைக் பிடித்துவிட்டது.

அவர் இறங்கவில்லை.
சாரல் அடித்தால்
அந்த அட்டையைத்தான் ஜன்னலில் சாத்துகிறேன்.

ஐப்பசி மழைக்கு முன்
வேம்புலி மேஸ்திரி சுவரை இடித்தார்.
கேட்டது இருபத்தெட்டு, வைத்தது முப்பத்திரண்டு.
"நாளைக்கு நாற்காலி பெருசா வந்தா?"
ஒருநாள் கூலி வேண்டாமென்றார்.
அதற்கும் ரசீது போட்டுக் கையெழுத்து வாங்கினாளாம்.

போன வாரம் மறுபடி படிக்குக் கீழே.
முன்பு ஒட்டிய சுவர்களிலேயே
ஒட்ட வேண்டுமாம், வரவு செலவு.
மஞ்சினி கூடை, இரண்டு தடவை.
பெயர் சொல்லாதவர், பத்து ரூபாய்.
மெத்தைக்கு இன்னும் ஒன்பதாயிரம் பாக்கி.
நடுவில் ஒரு வரி:
'அச்சுக்கூலி அறுநூறு, தள்ளுபடி கிடையாது.'

அதை அப்படியே டைப் செய்தேன்.
எழுத்து கொஞ்சம் சின்னதாக.
"பெருசாக்குங்க" என்றாள்.

நான் உள்ளே இருந்த நேரத்தில்
என் படிகளை அளந்திருக்கிறாள்.
"படிக்கு ஏழு அங்குலம், ரெண்டுக்குப் பதினாலு.
அங்குலத்துக்கு ஓரடி நீளம்.
நேரா விட்டா ரோட்டுக்குப் போயிடும்,
பக்கவாட்டுல திருப்பினா இடம் இருக்கு."

எவ்வளவு ஆகும் என்றேன்.

"நோட்டீஸ் அடிச்சுப் பாருங்க" என்றாள்,
போட்டோவுக்குச் சிரித்த அதே சிரிப்பு.